நாடக ஆசிரியரும் நன்மாணாக்கரும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்து, முத்தமிழ் எனப் போற்றினர் நம் முன்னோர். இம்மூன்றனுள் இயற்றமிழ் ஏட்டில் வாழ்வது. எழுதிய புலவன் மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஏட்டை விரிப்பவன் அப்புலவனோடு உரையாடலாம். இசைத்தமிழுக்குப் பண்ணும் தாளமும் வரம்பாக நின்று காவல் புரிகின்றன. நாடகத்தமிழின் நிலை வேறு. மேடையில் விளக்கு எரியும் வரையில்தான் அதற்கு உயிர். திரை விழுந்ததும், அரசனாக நின்றவன் முடியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறான். அவையோர் எழுந்து வீட்டிற்குச் செல்கின்றனர். அன்றிரவு கேட்ட குரலும், கண்ட மெய்ப்பாடும், கலங்கிய கண்ணும் எங்கே போயின? நாடக நூல் எஞ்சியிருக்கலாம். ஆனால், அது நாடகத்தின் உடலேயன்றி உயிராகாது.

அவ்வாறாயின் நாடகக்கலை தலைமுறை தலைமுறையாக எவ்வாறு நிலைத்து வருகிறது? அது மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்கிறது. தாம் கற்றதை ஆசிரியர் ஒருவர் தம் முன் நிற்கும் சிறுவனின் குரலிலும் நடையிலும் கண்ணிலும் பதிய வைக்கிறார். அச்சிறுவன் வளர்ந்து அதனைப் பிறர்க்கு அளிக்கிறான். இத்தொடர் எங்கேனும் ஓரிடத்தில் அறுபடுமானால், பிறகு அதனை எந்த நூலகத்திலும் தேடிப் பெற இயலாது. ஆகவே, வேறு எக்கலையினும் நாடகக்கலைக்கு ஆசிரியர் மாணாக்கர் உறவு இன்றியமையாதது. அவ்வுறவு எத்தகையது என்பதைத் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள், ஔவை தி. க. சண்முகம் ஆகிய இருவருடைய வரலாற்றால் நன்கு அறியலாம்.

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சண்முகம் சுவாமிகளிடம் மாணாக்கராகச் சேர்ந்தது ஆறு வயதில். சுவாமிகள் மறைந்தபோது அவருக்கு வயது பத்து. ஏறத்தாழ நான்கே ஆண்டுகள்தாம் அவர் அவ்வாசிரியரிடம் பயின்றார். ஆயினும், அந்நான்கு ஆண்டுகளில் பெற்றதைப் பின்னர் ஐம்பது ஆண்டுகள் அவர் சுமந்தார், வளர்த்தார், பிறர்க்கும் வழங்கினார். பத்து வயதுச் சிறுவனின் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியது யாது?

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமோதரத்தேவர், இராமாயணப் புலவர் எனப் பெயர் பெற்றவர். ஆதலின் தமிழ் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளை அடுத்து, யாப்பும் இலக்கணமும் முறையாகக் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. ஆயினும், வயிற்றுப்பாட்டின் பொருட்டு உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராகப் பணிபுரிந்தார். மூட்டைக் கணக்கை எழுதிய கையே பாட்டையும் எழுதிற்று. தம் இருபத்து நான்காம் வயதில் அப்பணியைத் துறந்து, நாடகத்தையே வாழ்வாகக் கொண்டார்.

அந்நாளில் அது துணிவான செயல். நாடகம் நடிப்பவனைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்த காலம் அது. நடிகனின் பாட்டைக் கேட்க விடியும் வரை கண் விழித்திருந்த ஊரே, பகலில் அவனுக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கும். புலமை மிக்க ஒருவர், கவியரங்குகளில் மதிப்பும் மாலையும் பெற வல்லவர், அவற்றை விடுத்துக் கொட்டகைக்குள் நுழைந்தார். தம் புலமைக்கு இழுக்கு வருமோ என்று அவர் அஞ்சவில்லை. தம் புலமையால் நாடகத்தின் இழுக்கைப் போக்கலாம் என்று எண்ணினார்.

முதலில் அவர் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய அச்சம் தரும் வேடங்களில் அவர் தோன்றினால் அவையே நடுங்குமாம். அவ்வேடங்களைக் கண்ட பெண்கள் பேரச்சங்கொண்டு துன்புற்றதால், அதற்கு வருந்திய அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்று கூறுவர். பின்னர் ஆசிரியராக அமர்ந்து, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் தம் ஆற்றல் முழுவதையும் செலுத்தினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா வாசிப்பில் இணையற்று விளங்கிய மான்பூண்டியா பிள்ளையை அடுத்துத் தாள நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார். மணம் செய்துகொள்ளாது, துறவுக்கோலம் பூண்டு, தலங்கள் பலவற்றிற்குச் சென்று வந்தார். அதனால் மக்கள் அவரைச் ‘சுவாமிகள்’ என அழைக்கலாயினர்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சுலோசனா சதி, சதி அனுசூயா, பிரகலாதன், சிறுத்தொண்டர், மணிமேகலை என அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பல இன்று கிடைக்கவில்லை, கிடைப்பவை சிலவே. எஞ்சியவற்றை நோக்குவார்க்கும் அவர் புலமை விளங்கும். வழிப்போக்கனும் பாடி மகிழத்தக்க எளிய மெட்டுகளில் இலக்கணம் வழுவாத பாட்டுகளை அவர் அமைத்தார். உரையாடல்களுக்கு இடையே திருக்குறளையும் பிற நீதிநூற் கருத்துகளையும் புகுத்தினார். எழுத்தறியாத உழவனும் கொட்டகையில் அமர்ந்து குறளைக் கேட்டு, அதன் பொருளையும் அறிந்து வீடு திரும்பினான்.

அந்நாளைய நாடக மேடையின் நிலையைச் சிறிது அறிந்தால்தான் சுவாமிகளின் அடுத்த முயற்சி விளங்கும். அவர் மேடைக்கு வந்த காலத்தில், புகழ் பெற்ற நடிகர் பலர் எழுதிய நாடகத்திற்குக் கட்டுப்படுவதில்லை. நாடகத்தில் இல்லாத பாட்டைப் பாடுவர். எதிரில் நிற்பவரை மடக்குவதற்காகப் புதுப்புது வினாக்களைத் தொடுப்பர். கதை ஒருபுறம் நிற்க, இருவருடைய வாதம் மற்றொருபுறம் வளர்ந்துகொண்டே போகும். அவையோர் கைதட்டுவர், சாவித்திரியின் துயரமோ மறக்கப்படும். பொருந்திய சொல்லைப் பொருந்திய இடத்தில் வைத்து எழுதிய ஆசிரியருக்கு இஃது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! முதிர்ந்த மரத்தை வளைக்க இயலாது, இளங்கன்றை வளைக்கலாம். ஆகவே, சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்த முற்பட்டார். 1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் குழுவை ஏற்படுத்தினார். பின்னர் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியபோது, அதற்கும் அவரே ஆசிரியராக அமர்ந்தார். இத்தகைய சபைகளைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் வழங்கினர்.

பாலர் சபை என்பது நாடகக் கொட்டகையும், பள்ளிக்கூடமும், விடுதியும் ஒருங்கே சேர்ந்தது எனலாம். சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து சபையிலேயே உண்டு உறங்குவர். சபை ஓர் ஊரில் சில திங்கள் தங்கும். வருவாய் குறைந்ததும் திரைகளையும் உடைப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்லும். காலையில் பாட்டுப் பயிற்சி. பின்னர் வசனப் பாடம். அதன் பின்னர் ஒத்திகை. நாடகம் உள்ள நாளில் இரவு நெடுநேரம் மேடைப்பணி. பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்பர். அரசன், காதலன் முதலிய தலைமை வேடத்தை ராஜபார்ட் என்றும், தலைமைப் பெண் வேடத்தை ஸ்திரீபார்ட் என்றும், நகைச்சுவை வேடத்தைப் பபூன் என்றும் கூறுவர். பயிற்றுவிப்பவர் ‘வாத்தியார்’ எனப்படுவார். அவர் சொல்லே அங்குச் சட்டம்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, அவற்றிற்கு மேலாகத் தன் குரல் கொட்டகையின் கடைக்கோடியில் மண்தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு சிறுவன் பாடுதல் வேண்டும். உரத்துப் பாடினால் மட்டும் போதாது; ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்குதல் வேண்டும். அத்துடன் பருவம் என்னும் இடையூறும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். இதனை நாடக உலகினர் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்று வரை குயில்போல் பாடிய சிறுவன், இன்று வாய் திறந்தால் கரகரத்த ஓசையே எழும். குரல் மீளுமா, மீளாதா என்பதை யாரும் அறியார். ராஜபார்ட்டாக நின்றவன் கூட்டத்தில் ஒருவனாக நிற்க நேரும். பள்ளிக் கல்வியும் இல்லை. வேறு தொழிலும் அறியான். அவ்வாறு மேடையை விட்டு மறைந்த சிறுவர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இடம்பெறவில்லை. கடுமையான அடக்கமும், பிரம்படியும், பெற்றோர் பிரிவும் சிறுவர் பலர்க்கு அங்குப் பங்காக வாய்த்தன. பாலர் சபையின் சிறப்பைப் பேசும்போது இத்துன்பத்தை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

மதுரையில் தோன்றிய அந்தச் சபையில் 1918-ஆம் ஆண்டிலேயே சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்னும் சகோதரர் மூவர் சேர்ந்தனர். இளையவராகிய பகவதி பின்னர்ச் சேர்ந்தார். இந்நால்வரே பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் புகழ் பெற்றோர். இவர்களுடைய தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் புனைவதில் பெயர் பெற்ற நடிகர். நாடக வாழ்வின் இன்பத்தையும் துன்பத்தையும் ஒருங்கே அறிந்தவர் அவர். ஆயினும் தம் மக்களை அவ்வாழ்விற்கே ஒப்படைத்தார். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் பிறந்த சண்முகத்திற்கு அப்பொழுது ஆறு வயது. எழுதப் படிக்கக் கற்கும் பருவத்தில் அவர் மேடையேறினார். சுவாமிகளின் பாட்டே அவருக்கு அரிச்சுவடியாயிற்று. சுவாமிகளின் வசனமே பாடநூலாயிற்று.

சுவாமிகள் கண்டிப்பு மிக்கவர். ஆசிரியர் எழுதிய சொல்லை நடிகன் மாற்றுதலாகாது. சொல்லின் பொருளை அறியாது உரைத்தலும் ஆகாது என்பது அவர் கொள்கை. செய்யுளாக உள்ளதைப் பிழைபடப் பிரித்தால் பொருள் மாறும். பொருள் மாறினால் முகத்தில் தோன்ற வேண்டிய மெய்ப்பாடும் மாறும். ஆகவே, அவரிடம் நடிப்புப் பாடமும் தமிழ்ப் பாடமும் வேறு வேறாக இல்லை. தமிழ் பிழையற்றிருந்தால்தான் நடிப்பும் பிழையற்றிருக்கும். இந்த உண்மையைச் சண்முகம் தம் ஆறு வயதில் செவிவழியாகப் பெற்றார். அறுபது வயது வரை கைவிடவில்லை. தமிழைத் திருத்தமாக ஒலிப்பதில் அவர் பெற்ற புகழுக்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது.

கண்டிப்பு மட்டுமே இருந்திருந்தால், அச்சிறுவன் உள்ளத்தில் அச்சம் வளர்ந்திருக்குமேயன்றி ஆர்வம் வளர்ந்திராது. ஆர்வத்தை வளர்த்தது ஓர் இரவில் நிகழ்ந்த செயல். சிறுவன் சண்முகத்தின் குரல்வளத்தையும் நினைவாற்றலையும் சுவாமிகள் கண்டு மகிழ்ந்தார். அவன் தலைமை வேடம் ஏற்று நடிப்பதற்கேற்ற நாடகம் ஒன்று வேண்டும் எனக் கருதினார். அருச்சுனன் மகன் அபிமன்யு சுந்தரியை மணந்த கதையை எடுத்துக்கொண்டார். இரவு எழுத அமர்ந்தவர், ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெறத்தக்க ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இன்றி, அந்த ஓர் இரவிலேயே எழுதி முடித்தார். சண்முகம் அபிமன்யுவாக நடித்தார். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதப் புகுந்த சண்முகம், இந்நிகழ்ச்சியை வியப்போடும் நன்றியோடும் குறித்துள்ளார்.

ஓர் இரவில் ஒரு நாடகம் எழுதிய விரைவைக் கண்டு நாம் வியப்பது இயல்பே. ஆயினும் அதனினும் வியப்புக்குரியது வேறொன்று. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெரும்புலவர். தமிழகமெங்கும் அவருடைய பாட்டுகள் முழங்குகின்றன. அவர் ஒரு சிறுவனின் குரல் எதுவரை எட்டும், அவனுடைய மூச்சு எதுவரை தாங்கும், எச்சொல் அவன் வாயில் இனிக்கும் என்பனவற்றை எண்ணி எண்ணி, விளக்கின் முன் விழித்திருந்து எழுதுகிறார். தையற்காரர் ஆளுக்கேற்ப உடையை அளவெடுத்துத் தைப்பதுபோல, மாணாக்கனுக்கேற்பப் பாடத்தை அமைத்தார் சுவாமிகள். ‘நம் ஆசிரியர் நமக்காக ஓர் இரவு உறங்கவில்லை’ என்று ஒரு சிறுவன் உணர்ந்தால், அவன் தன் வாழ்நாளில் அதனை மறப்பானோ? பிரம்பு பதிக்காத பாடத்தை அந்த அன்பு பதித்தது.

அவ்வன்பை நீண்ட நாள் பெறும் பேறு சண்முகத்திற்கு வாய்க்கவில்லை. சுவாமிகளைப் பக்கவாத நோய் பற்றியது. கையும் காலும் முடங்கின. அனைத்தினும் கொடியதாக நாவும் முடங்கிற்று. நூற்றுக்கணக்கான சிறுவர்களுக்குப் பேசவும் பாடவும் கற்றுக்கொடுத்த நா, ஒரு சொல்லும் உரைக்க இயலாது போயிற்று. அந்நிலையிலும் அவர் சபையை விட்டு விலகவில்லை. தாம் எழுதிய பாட்டுகளைத் தம்மால் பாட இயலாத அந்நாளில், தம் மாணாக்கர் பாடக் கேட்டார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் நீத்தார்.

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறினார். மாணாக்கரையும் அவர் தரம் பிரித்தார். அன்னமும் பசுவும் போன்றோர் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர் என்றார். கிளி சொல்லிக்கொடுத்ததைப் பிழையின்றிச் சொல்லும். ஆனால் அதற்கு மேல் ஒரு சொல்லும் அறியாது. பாலர் சபைப் பயிற்சி கிளிகளை உருவாக்குவதற்கு மிகவும் ஏற்றது. வசனத்தை நெட்டுருச் செய்து, வாத்தியார் காட்டிய கைவீச்சை அப்படியே வீசினால் அங்குப் போதும். பசுவோ கிடைத்த புல்லை வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோட்டுப் பாலாக மாற்றித் தருகிறது. சண்முகம் கிளியா, பசுவா என்பதை ஆசிரியர் மறைந்த பின்னரே உலகம் அறிய முடிந்தது.

1925-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள், டி. கே. எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்னும் பெயரில் சொந்தக் குழுவைத் தொடங்கினர். சண்முகத்திற்கு அப்பொழுது பதின்மூன்றாம் வயது நிறைவெய்தவில்லை. சுவாமிகளின் நாடகங்களை அவர்கள் தொடர்ந்து நடித்தனர். ஆனால் அவற்றோடு நின்றுவிடவில்லை. எம். கந்தசாமி முதலியாரை ஆசிரியராகப் பெற்று, பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா முதலிய உரைநடை நாடகங்களைப் பயின்றனர். பாட்டே நாடகம் என்றிருந்த நிலையில், பேச்சாலும் நாடகம் நடத்தலாம் என்பதை அங்குக் கற்றனர். 1931-ஆம் ஆண்டில் வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தைத் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் மேடையேற்றினர். நாடு விடுதலைக்குப் போராடிய அக்காலத்தில், கொட்டகையே நாட்டுப்பற்றை ஊட்டும் பள்ளியாயிற்று. பின்னர்க் குமாஸ்தாவின் பெண், அந்தமான் கைதி எனக் குடும்பத்துச் சிக்கல்களையும் சமுதாயக் குறைகளையும் காட்டும் நாடகங்கள் பல அவர்களால் அரங்கேறின.

இவற்றுள் பல சுவாமிகள் எழுதியவற்றினும் வேறுபட்டவை. ஆயினும் எழுதிய சொல்லுக்குக் கட்டுப்படுதல், பொருளறிந்து பேசுதல், மேடையில் ஒழுங்கு காத்தல் என்பவை சுவாமிகளிடமிருந்து வந்தவை. ஆசிரியரின் நாடகங்களை மட்டும் திரும்பத் திரும்ப நடித்திருந்தால் சண்முகம் கிளியாகியிருப்பார். ஆசிரியரின் நெறியைப் புதிய நாடகங்களிலும் செலுத்தியதால் நன்மாணாக்கர் ஆயினார்.

1942-ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘ஔவையார்’ நாடகம் இதற்குத் தக்க சான்று. அதில் தமிழ் மூதாட்டியின் வேடத்தைச் சண்முகமே ஏற்றார். முப்பது வயது நிரம்பிய ஆடவர் ஒருவர், கூனிய உடலும் நடுங்கும் கையும் தளர்ந்த குரலும் கொண்ட முதியவளாகத் தோன்றினார். தளர்ந்த குரலிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டல் வேண்டும். செய்யுளின் சீர் சிதையாதிருத்தல் வேண்டும். அதே வேளையில் பாட்டி பேசுவதாகவே தோன்றுதலும் வேண்டும். இது புலமையும் நடிப்பும் ஒன்றாய்க் கலந்தாலன்றி இயலாதது. அவ்வேடம் பெற்ற வெற்றியால் ‘ஔவை’ என்பது அவர் பெயரோடு நிலையாக ஒட்டிக்கொண்டது. அரசரும் வீரருமாகப் பல வேடங்கள் புனைந்த ஒருவரை, ஒரு மூதாட்டியின் பெயரால் நாடு அழைத்தது.

தாம் பெற்றதைப் பிறர்க்கு வழங்குவதிலும் அவர் குறை வைக்கவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். இராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், ஏ. பி. நாகராசன் முதலிய பலர் அச்சகோதரர்களின் சபையில் வளர்ந்தவர்களே. அவர்கள் பின்னர்த் திரைப்படத்திற்கும் மேடைக்கும் ஆற்றிய பணியை நாடறியும். 1944-ஆம் ஆண்டில் ஈரோட்டில் நாடகக்கலை மாநாடு கூடியது. அதனைக் கூட்டுவதில் சண்முகம் முன்னின்றார். சிதறிக் கிடந்த நடிகர்களும் ஆசிரியர்களும் அறிஞர்களும் ஒன்றுகூடி நாடகத்தின் வளர்ச்சியை ஆராய்ந்தனர். கூத்தாடி என்று இகழப்பட்டவன் தன் கலைக்காக மாநாடு கூட்டும் நிலைக்கு உயர்ந்தான்.

தம் ஆசிரியரைப் பற்றிச் சண்முகம் பேசாத மேடை இல்லை எனலாம். சுவாமிகளைத் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ எனப் போற்றி, அப்பெயராலேயே ஒரு நூல் எழுதினார். 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் தம் வரலாற்று நூலிலும் ஆசிரியரின் நினைவைப் பதிந்து வைத்தார். அந்நூல் இல்லையேல், அபிமன்யு சுந்தரி எழுதப்பட்ட இரவை இன்று நாம் அறிந்திருத்தல் அரிது. ஆசிரியர் மாணாக்கனுக்காக ஓர் இரவு விழித்திருந்து எழுதினார். மாணாக்கர் ஆசிரியருக்காக வாழ்நாளெல்லாம் எழுதியும் பேசியும் வந்தார். சண்முகத்திற்கு 1971-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. 1973-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் மறைந்தார்.

இன்று பாலர் சபைகள் இல்லை. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, பள்ளியைத் துறந்து, இரவெல்லாம் கண்விழிக்கும் நிலை மாறியது நன்மையே. ஆயினும் சுவாமிகளின் பாட்டு மறையவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடிக்கப்படுகிறது. விடியும் வேளையில், நூறாண்டுகளுக்கு முன் அவர் அமைத்த மெட்டு ஊர்ப்புற மேடையில் ஒலிக்கிறது. மதுரைத் தமுக்கத்தை அடுத்து அவர் சிலை நிற்கிறது. அவர் உயிர் நீத்த புதுச்சேரியில் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்தக் கலைக்காக ஒரு காலத்தில் வாடகை வீடு மறுக்கப்பட்டதோ, அந்தக் கலைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துள்ளது.

மாணவர்களே! பள்ளி ஆண்டு விழாவில் உங்களுள் சிலர் நாடகம் நடிக்கலாம். ஆசிரியர் ஒருவர் மாலையில் வீடு திரும்பாமல் இருந்து, ஒரே வசனத்தைப் பத்து முறை சொல்லச் சொல்லி உங்களைத் திருத்தலாம். ‘இதற்கு இவ்வளவு தொல்லையா?’ என்று அப்பொழுது தோன்றும். சொல் திருந்தினால் பொருள் திருந்தும். பொருள் உள்ளத்தில் பதிந்தால் நடிப்புத் தானே வரும். அவர் உங்களுக்காகச் செலவிடும் அந்த மாலைப்பொழுதின் அருமை, அன்று தெரியாவிட்டாலும் பின்னர்த் தெரியும். நான்கு ஆண்டுகள் பெற்ற பாடத்தை ஐம்பது ஆண்டுகள் காத்த மாணாக்கர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். பெற்ற பாடத்தை நெட்டுருவாக மட்டும் வைத்திராமல், அசைபோட்டுப் பாலாக்கிப் பிறர்க்கு அளிப்பதே ஆசிரியருக்கு நாம் செலுத்தும் கடன்.